வகிட்டில் விழுந்த அடி

எங்க வூட்ல முடி கொட்டறதுக்கு ரெண்டு சட்டம். ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே ரத்தத்துல வந்த சமாச்சாரம்தான். அதைச் சொல்லியிருந்தா அப்போ யாரும் நம்பியிருக்க மாட்டாங்க, நானும்தான். எனக்கு ஒரே மக. அந்த ரெண்டாவது சட்டம் அவ தலையில விழக் கூடாதுன்னு பதினெட்டு வருஷம் பல்லைக் கடிச்சுகினு காவல் காத்தேன். காத்து இன்னா ஆச்சுன்றதைத்தான் சொல்லப் போறேன்.

எங்கப்பாவுக்கு இருபத்தஞ்சு வயசுலயே நெத்தி மேல ஏற ஆரம்பிச்சுதாம். நான் பொறந்தப்ப உச்சி மொத்தமும் போயி, காதுக்கு மேல ஒரு வளையமும் பின்கழுத்துல கொஞ்சமும்தான் மிச்சம். அதை யாரும் நோயின்னு சொன்னதில்ல. ஏரியில முழுக்கு போட்டுட்டு வந்து துண்டால மண்டையை ரெண்டு சுத்து துடைச்சாருன்னா முடிஞ்சுது வேலை. சந்தைக்கு மாடு புடிக்கப் போனா, அந்த வழுக்கையைப் பார்த்தே பெரிய மனுஷன்னு பெஞ்சுல தள்ளி ஒக்காந்து எடம் விடுவாங்க. காசுக்காரனுக்குத்தான் அப்படி வழுக்கை விழும்னு வேற ஊர்ல பேச்சு. எங்ககிட்ட இருந்தது ஒண்ணரை ஏக்கர்.

அண்ணனுக்கு இன்னும் சீக்கிரம், இருபத்தொண்ணு. நெத்தியோட ரெண்டு மூலையும் உள்ள வாங்கி, நடுவுல ஒரு கொத்து மட்டும் தனியா நிக்கும். ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில ஒருத்தன் அவனை, மொட்டை, தள்ளி ஒக்காருன்னுட்டான். அண்ணன் சைக்கிள் பம்பைக் கழட்டினான், அவன் மண்டையில ஒரே போடு. பொளந்துக்கிச்சு. டீ கிளாஸ்ல ரத்தம் சொட்டினதா பார்த்தவங்க சொன்னாங்க. நாலு தையல். எங்கம்மா அவனை ஒரு வார்த்தை கேக்கல. ஆம்பளைப் புள்ளைய வாய்க்கு வந்தபடி பேசினா சொம்மா இருப்பானான்னுட்டு, ரெண்டு முட்டை ஒடைச்சு ஊத்தி சோறு போட்டா.

அதே வாரம் வெள்ளிக்கிழமை எண்ணெ தேச்சு குளிச்சுட்டு நான் அவ முன்னால ஒக்காந்தேன். எனக்கு அப்ப பதினேழு. சீப்பை இழுத்தா முடி கொத்தா வந்துது. அம்மா வெயில்ல என் தலையைக் குனிய வச்சு வகிட்டைப் பார்த்தா. பார்த்துட்டு சீப்போட முதுகால அந்த வகிட்டுலயே ஓங்கி அடிச்சா. இன்னாடீ பண்ணே தலையை, எவன் கண்ணுடீ பட்டுதுன்னு கேட்டுகினே அடிச்சா. எத்தினி அடின்னு எண்ணல. முடிச்சப்ப சீப்புல ஒரு பல்லு இல்ல. அண்ணன் முடி போனா அடுத்தவன் மண்டை ஒடைஞ்சுது, என் முடி போனா என் மண்டை ஒடைஞ்சுது. நான் சொன்ன சட்டம் இதுதான், வேற ஒண்ணுமில்ல.

எனக்குப் போனது அவங்களுக்குப் போன மாதிரி இல்ல. நெத்தியோரம் அப்படியே இருந்துது. மூலைங்களும் அப்படியே. நேரா நின்னு மூஞ்சைப் பார்க்கறவங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. வகிடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் அகலமாச்சு. வயல்ல வரப்போரம் நாத்து நின்னுகினு நடுவுல மட்டும் அழுகிப் போகும் பாருங்க, அப்படி. ஆம்பளைக்கு வெளிய இருந்து உள்ள வருது, பொம்பளைக்கு நடுவுல இருந்து வெளிய போவுது. அதனாலதான் அப்பாவோடதும் என்னோடதும் ஒண்ணுதான்னு எங்க வூட்ல ஒருத்தருக்கும் தோணல. அவருக்கு வழுக்கை, எனக்குக் கேடு. பேரே வேற ஆயிட்டுது.

பத்தொம்பதுல மாப்பிள்ளை வந்தாரு. எங்க பக்கத்துல பொண்ணு பார்த்துட்டு புடிச்சா, மாப்பிள்ளையோட அம்மா தன் கையால பொண்ணுக்குப் பூ வைப்பாங்க. வைக்கிற சாக்குல வெரலை உள்ள வுட்டு ஜடையைத் துழாவிப் பார்த்துடுவாங்க, சொந்த முடியா சவுரியான்னு. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளிய சொல்றதில்ல. எங்கம்மா கில்லாடி. காஞ்சிபுரத்துல சவுரி வாங்கியாந்து, வேர்லயே கறுப்பு நூலைப் போட்டு இறுக்கி, பின்னலுக்குள்ள பின்னலா வச்சு முடிஞ்சுட்டா. தோலு பிச்சுக்கிற மாதிரி வலி. கண்ணுல தண்ணி நின்னுது. பொண்ணுக்கு வெக்கம்னு எல்லாரும் சிரிச்சாங்க. மாமியா துழாவிட்டு, கை மொத்தம் கீதுன்னு திருப்தியா சொன்னாங்க. எதிர்ல ஒக்காந்திருந்த மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு வயசு, உச்சியில ஒரு ரூவா காசு அளவுக்கு வெளிச்சம் அடிக்குது. அவரு மண்டையில எவ வெரலை வுட்டுப் பார்த்தா?

கல்யாணமாகி மூணாம் மாசம் நடவு. கழனிக்குக் கஞ்சி கொண்டு போறதுல எனக்கு நேரமாயிட்டுது. அவரு பசியில இருந்தாரு, கோவம் வேற. சேத்துல நின்னுகினே என் ஜடையைப் புடிச்சு இழுத்தாரு. சவுரி மொத்தமா பிச்சுகினு அவரு கையோட வந்துட்டுது. இழுத்த வேகத்துல மல்லாக்க சேத்துல வுழுந்தாரு, கையில அந்த ஜடை. நட்டுகினு இருந்த பொம்பளைங்க எல்லாரும் நாத்தைப் போட்டுட்டு சிரிச்சாங்க. எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்துது, பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நொடிக்கு நான் அனுபவிச்சது கொஞ்சமில்ல. எழுந்து வந்து சாட்டைக் கம்பால அடிச்சாரு. முதுகுல, தொடையில, தடுத்த கையில. வரப்புல இழுத்துகினு போயி கால்வாத் தண்ணியில தலையை அமுக்கினாரு. ரெண்டு பொம்பளைங்க ஓடியாந்து அவரு கையைப் புடிச்சாங்க. அதுக்குள்ள என் மணிக்கட்டு ஒடைஞ்சுது. அது நேரா சேரல, இன்னைக்கும் மழைக்காலத்துல நோவும்.

ஏமாத்திக் கட்டி வச்சுட்டாங்கன்னு அன்னிக்கே என்னை எங்க வூட்ல கொண்டாந்து வுட்டுட்டாங்க. எங்கப்பா வாசல்லயே நின்னாரு. கட்டு போட்ட கையைப் பார்த்தாரு. உள்ள வான்னு சொல்லல. மறுநாள் காலையில அண்ணனும் அவரும் என்னை மறுபடி அங்கயே இட்டுகினு போனாங்க. வழியில அப்பா சொன்னது, வாழு, இல்லன்னா ஏரி கீது. அண்ணன் தலையைக் குனிஞ்சுகினே வந்தான். தன் வழுக்கையைச் சொன்னவன் மண்டையைப் பொளந்தவன், என் ஒடைஞ்ச கைக்கு ஒரு கேள்வி கேக்கல. அப்பா சொன்னதைக் கூட மறந்துடுவேன். அண்ணன் கம்முனு வந்தது எனக்கு இன்னும் ஆறல.

மறுவருஷம் மக பொறந்தா. மூணு மாசம் ஆனதும் எனக்கு முடி சும்மா கொத்து கொத்தா கொட்டுது. தலகாணி, சோறு, தொட்டில்ல கொழந்தை கைக்குள்ள, எங்க பார்த்தாலும் முடி. மாமியா பார்த்துட்டு இது புழுவெட்டுன்னு முடிவு பண்ணாங்க. கண்ணுக்குத் தெரியாத புழு வேரைத் திங்குது, அதைச் சுட்டுக் கொன்னாத்தான் மொளைக்கும்னாங்க. அதுக்கு சேராங்கொட்டை. துணி வெளுக்கறவங்க துணிக்குக் குறி போடற கொட்டை அது, பட்ட எடம் வெந்துடும். ஊசியில குத்தி விளக்குல காட்டினா கறுப்பா எண்ணெ சொட்டும். நான் வேணாம்னேன். அவரு வந்து என் ரெண்டு கையையும் பின்னால முறுக்கி, முட்டியை முதுகுல வச்சு அழுத்திகினாரு. மாமியா கோழி இறகால அந்த எண்ணெயைத் தொட்டு, நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் வகிட்டோட நெடுக இழுத்தாங்க. ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி. முதல்ல அரிப்பு, அப்புறம் எரிச்சல், அப்புறம் நான் கத்தின கத்தல்ல தொட்டில்ல இருந்த கொழந்தையும் கத்த ஆரம்பிச்சுது.

ரெண்டு நாள்ல தலை மொத்தம் கொப்புளம். நீர் வடிஞ்சு காது, கழுத்து எல்லாம் வெந்துட்டுது. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. கொழந்தை மேல அந்த நீர் பட்டா அதுக்கும் வெந்துடும்னு பால் குடுக்க வுடல. அது பக்கத்து வூட்ல பாலுக்கு அழுவுது, எனக்கு மார் கட்டிகினு இங்க உசுரு போவுது. அன்னிக்கு எனக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா மாமியாளை வெட்டியிருப்பேன். மெய்யாலுமே சொல்றேன், அருவா எந்த மூலையில கீதுன்னு கையாலயே தடவிப் பார்த்து வச்சிருந்தேன்.

சீழ் வச்சப்புறம்தான் காஞ்சிபுரத்துல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. அங்க ஒரு லேடி டாக்டர். எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. பக்கத்துல மாமியா நிக்கறாங்க. நான், கஞ்சி கொட்டிக்கிச்சுன்னேன். அந்தம்மா என் தலையைத் திருப்பிப் பார்த்துட்டு, கஞ்சி வகிடு பார்த்துக் கொட்டுமான்னு கேட்டாங்க. உங்க வூட்ல யாருக்கு வழுக்கைன்னு அடுத்த கேள்வி. அப்பாவுக்கு, அண்ணனுக்குன்னேன். வகிடு அகலமானதையும், அதைக் கண்ணுன்னும் புழுன்னும் வூட்ல சொன்னதையும் சொல்லிட்டேன்.

அப்புறம் அந்தம்மா சொன்னதை நான் ஒரு வார்த்தை வுடாம வச்சிருக்கேன். உனக்கு இருந்தது புழுவும் இல்ல, கண்ணும் இல்ல, உங்கப்பா அண்ணனுக்கு வந்ததேதான் உனக்கும். அம்மா வழியாவும் வரும், அப்பா வழியாவும் வரும். ஆம்பளை உடம்புல ஊறுற ஒரு சுரப்பு முடி வேரைச் சுருக்கிடும், அதனால அவங்களுக்கு சின்ன வயசுலயே நெத்தியும் உச்சியும் மொத்தமா போயிடும். பொம்பளை உடம்புல அது கம்மி. அதனால மெல்ல, வகிட்டோரம் மட்டும் நைஞ்சுகினே போவும், முன்னோரம் நிக்கும், முழு மொட்டையா ஆவறது அபூர்வம்னாங்க. மாமியா வுடல. ஆம்பளைக்கு வர்றது பொம்பளைக்கு எப்படி வரும்னு கேட்டாங்க. டாக்டரம்மா அவங்களைப் பார்த்து, புள்ள பெத்தா எல்லாருக்கும்தான் கொஞ்ச நாள் கொட்டும், அந்தக் கொட்டினது ஆறு மாசத்துல தானா திரும்ப மொளைச்சிருக்கும், அந்த வேரையும் சேர்த்துச் சுட்டுட்டீங்களேன்னாங்க. மாமியா மூஞ்சைத் திருப்பிகினாங்க. எனக்கு அப்பத்தான் அழுகை வந்துது. கம்முனு இருந்திருந்தா பாதியாவது வந்திருக்கும். அதுக்கப்புறம் என் வகிட்டுல நாலு வெரல் அகலத்துக்குத் தோலு பளபளன்னு தழும்பு, ஒரு முடி கிடையாது.

ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்து கொழந்தையைத் தூக்கினப்ப முடிவு பண்ணேன். இவ தலையில எவ கையும் படக் கூடாது. நான்தான் எண்ணெ வைப்பேன், நான்தான் சீவுவேன், வலிக்காம சீவுவேன். இவளுக்கும் எங்கப்பா ரத்தம் ஒரு பக்கம், வழுக்கை மண்டையனான இவங்கப்பன் ரத்தம் ஒரு பக்கம், எப்படியும் வரும்னு எனக்குத் தெரியும். வந்தா வரட்டும், அதுக்காக ஒரு அடி விழக் கூடாது.

ஒம்பது வயசுல பேன் புடிச்சப்ப மாமியா அவளைக் கூப்பிட்டு ஒக்கார வச்சு, ஒரு கிண்ணத்துல எதையோ கரைச்சுகினு இருந்தாங்க. வேப்பெண்ணெதான்னு அப்புறம் தெரிஞ்சுது. அப்ப தெரியாது. உலக்கையைத் தூக்கி அந்தக் கிண்ணத்து மேல போட்டேன். கிண்ணம் நசுங்கிட்டுது, மாமியா கை ஒரு அங்குலத்துல தப்பிச்சுது. அவங்க மூஞ்சு வெளுத்துப் போனதைப் பார்க்க எனக்கு சந்தோஷமா இருந்துது. அன்னிக்கு அவரு என்னை அடிச்சாரு. பரவால்லன்னு வாங்கிகினேன். அப்புறம் சாவற வரைக்கும் மாமியா என் மக தலைப் பக்கம் வரல.

பதினாறு வயசுல அவளுக்கு வகிடு நைய ஆரம்பிச்சுது. நான் பார்த்துட்டேன், வெளிய சொல்லல. வாரத்துக்கு ஒரு பக்கமா வகிட்டை மாத்தி எடுப்பேன். லூசா பின்னுவேன். அவ, ஏம்மா தெனம் கோணல் வகிடு எடுக்கறேன்னு கிண்டல் பண்ணுவா. அதுக்குள்ள ஏரியும் வத்திப் போச்சு, பயிரும் ஒழுங்கா இல்ல. அவரு நெலத்தைக் குத்தகைக்கு வுட்டுட்டு சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து ரயில்னு மறைமலை நகர்ல புதுசா வந்த ஒரு கம்பெனிக்குப் போனாரு. ஷிப்ட், ஓவர்டைம்னு பேச்சே மாறிட்டுது. மகளுக்குப் பதினெட்டு ஆனப்ப, அங்க கூட வேலை செய்ற பையன்தான் மாப்பிள்ளையா வந்தான். இருபத்தாறு வயசு, நெத்தி உச்சி வரைக்கும் ஏறியாச்சு. அவரு வூட்ல வந்து, பையன் தங்கம்னாரு.

அவங்க பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடி நாள் அவரு ஒரு பொட்டலத்தைக் கொண்டாந்து வச்சாரு. பிரிச்சா, சவுரி. எனக்கு ரத்தம் கொதிச்சுது. எதைச் சாக்கா வச்சு என் கையை ஒடைச்சயோ அதையே கொண்டாந்து என் மக தலையில கட்டச் சொல்றியான்னு கேட்டேன். அவரு, பூ வைக்கிற கை உள்ள துழாவும்னு மட்டும் சொன்னாரு. அது எனக்கும் தெரியும். அதான் பயம்.

மறுநாள் காலையில மகளைக் குளிப்பாட்டி வெயில்ல ஒக்கார வச்சேன். ஈரத் தலை. நானும் தெனம் பார்க்கற தலைதான். ஆனா அன்னிக்கு அந்தப் பூ வைக்கிற பொம்பளையோட கண்ணால பார்த்தேன். ஐயோ, வெள்ளையா தோலு தெரியுது. சீப்பை இழுத்தா கையோட வருது. இவளையும் சேத்துல போட்டு இழுப்பாங்க, இவளையும் முட்டியால அழுத்துவாங்கன்னு மனசு கெடந்து அடிச்சுகினுது. என்னையறியாம அந்தப் பொட்டலத்தை எடுத்துட்டேன். சவுரியை வேரோட வச்சு நூலை இறுக்கினேன். அவ தலையை வெடுக்குனு இழுத்துகினா. வேணாம்மா, இருக்கறதைப் பார்க்கட்டும்னா. மறுபடி இறுக்கினேன், மறுபடி இழுத்துகினா. நூலு அறுந்து சவுரி தரையில வுழுந்துது.

அடிச்சுட்டேன். கையில இருந்த கொம்பு சீப்பால, வகிட்டுலயே. ஒரு அடியோட நிக்கல. முடியைப் புடிச்சு தலையைக் குனிய வச்சு, கொட்டுதே, கொட்டுதே, இன்னாடீ பண்ணேன்னு கேட்டுகினே அடிச்சேன். எங்கம்மா கேட்ட அதே கேள்வி என் வாயில வருதுன்னு காதுல வுழுது, கை நிக்க மாட்டேங்குது. சீப்பு சாஞ்சு பல்லு தோலைக் கிழிச்சுட்டுது. நெத்தி வரைக்கும் ரத்தம் இறங்கினப்பத்தான் நின்னேன். என் மக அழல. என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவா கேட்டா.

"அடிச்சா மொளைக்குமாம்மா?"

பதில் சொல்றதுக்குள்ள வாசல்ல செருப்பு சத்தம், பேச்சு சத்தம். வந்துட்டாங்க. நான் தண்ணியை மொண்டு அவ நெத்தியைக் கழுவப் போனேன், கையைத் தள்ளிட்டா. தானே முந்தானையால ஒத்திகினா, தானே வகிட்டை நேரா எடுத்தா, நடு மண்டையில, பட்டவர்த்தனமா. தானே லேசா பின்னிகினு, தட்டைத் தூக்கிகினு முன்னால போனா. நான் பின்னால போனேன்.

மாப்பிள்ளை பையன் தலையைக் குனிஞ்சுகினு ஒக்காந்திருந்தான். அவங்கம்மா என் மககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, பூவை எடுத்துகினு எழுந்தாங்க. பின்னால நின்னு ஜடையைத் தூக்கினாங்க. வெரலு வகிட்டுப் பக்கம் போச்சு. வெளிய எடுத்தப்ப வெரல் நுனி செவப்பு. இன்னாம்மா இது ரத்தம்னு கேட்டாங்க. அவரு என்னை மொறைச்சாரு. கதவு இடிச்சுக்கிச்சுன்னு சொல்ல நான் வாயைத் தொறந்துட்டேன். என் மக முந்திகினா.

"எங்கம்மா அடிச்சாங்க. முடி கொட்டுதுன்னு."

அந்தப் பையன் கை தானா தன் நெத்திக்குப் போயி, பாதியில இறங்கிட்டுது. அவங்கம்மா பூவைத் தட்டுலயே வச்சுட்டு, தன் முந்தானையால என் மக வகிட்டைத் துடைச்சு வுட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. பெத்த பொண்ணை இதுக்கா அடிப்பாங்க, நீயாம்மா அடிச்சேன்னு கேட்டாங்க. அவரு நடுவுல பூந்து இன்னாவோ சொல்ல வந்தாரு. கையைக் காட்டி நிறுத்தினேன். என் தலையில கை வச்சவங்க ஒருத்தரும் அதை ஒத்துகினு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. என் மக எதிர்ல நின்னு என்னையே பார்த்துகினு இருந்தா.

"ஆமா," ன்னேன். "நான்தான் அடிச்சேன்."